ஓயாமல் அணைந்து எரியும் பாய்லர்: அளவுக்கு மீறி வாங்கினால் பணம் எங்கே போகிறது?

2025 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் கொல்லிமலை, எடப்புளி நாடு. காரவள்ளியில் ஆரம்பித்து எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, செம்மேடு தாண்டிப் போகணும். தை மாதக் குளிர் அங்கே எப்படி இருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். காலை ஐந்தரை மணிக்கு எழுந்து பார்த்தால், அப்பா பின்பக்கம் நின்று பச்சைத் தண்ணீரில் குளித்துக்கொண்டிருக்கிறார். வயது 68.

"ஏன்ப்பா, கீசர் என்ன ஆச்சு?"

"அது நாள் பூரா டிக்கு டிக்குன்னு எரிஞ்சு எரிஞ்சு அணையுதும்மா. கரண்டு பில்லு வேற வந்துருச்சு. அதான் ஸ்விட்சையே நிறுத்திட்டேன்."

அந்த கீசரை வாங்கிக் கொடுத்தது நான்தான். ஐம்பது லிட்டர். "மலைக்குத்தானே மேடம், பெருசாவே போட்டுருங்க" என்றார் கடைக்காரர். நானும் அளவு பார்க்காமல், பாசத்தைப் பார்த்து வாங்கிவிட்டேன். ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்கிற சிஏ பொண்ணு.

அன்று சாயங்காலம் மான்செஸ்டரில் இருந்து சித்தப்பா பையன் பொங்கல் வாழ்த்துச் சொல்ல வீடியோ கால் பண்ணினான். ஆன்சைட் போய் அங்கேயே வீடு வாங்கியவன். "அக்கா, எங்க வீட்டு பாய்லர் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை எரிஞ்சு அணையுது. பார்க்க வந்தவர் 'இது உங்க வீட்டுக்கு ரொம்பப் பெருசு, மாத்திடுங்க'ன்னு 2,800 பவுண்டு சொல்றார். ஈஎம்ஐ-யும் போட்டுத் தர்றாங்களாம். எமர்ஜென்சி ஃபண்டை உடைக்கவா, ஈஎம்ஐ எடுக்கவா?"

மலை மேல் ஒரு கீசர், மான்செஸ்டரில் ஒரு பாய்லர். இரண்டுக்கும் வியாதி ஒன்றுதான். அதனால் இந்த வாரப் பாடம் இதுவே.

முதலில் அம்மாவின் பாய்லர்

நம்ம ஊரில் பாய்லர் என்றால் செம்பு பாய்லர். நடுவில் குழாய், அதில் குச்சி போட்டு எரித்தால் சுற்றியுள்ள தண்ணீர் சூடாகும். கீசர் வருவதற்கு முன் எங்கள் வீட்டிலும் அதுதான்.

அம்மா அதை எப்படி எரிப்பார்கள் என்று யோசித்துப் பாருங்க. ஒருவர் மட்டும் குளிக்கணும் என்றால் இரண்டு குச்சி. விருந்தாளி வந்தால் கட்டையாகச் செருகுவார்கள். தண்ணீர் சூடாகிவிட்டால் குச்சியை வெளியே இழுத்துவிட்டுத் தணலில் விடுவார்கள். அடுப்பை அணைத்து அணைத்துப் பற்றவைக்க மாட்டார்கள். தேவைக்கு ஏற்ப தீயைக் குறைப்பது, கூட்டுவது, அவ்வளவுதான்.

பொறியாளர்கள் இதைத்தான் மாடுலேஷன் என்கிறார்கள். ஒரு பாய்லர் தன் தீயை எவ்வளவு தூரம் குறைத்துக்கொள்ள முடியும் என்பதுதான் இந்தக் கதையின் முக்கியமான எண்.

தம்பி வீட்டில் என்ன நடக்கிறது?

பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது எரிவாயு பாய்லர். வாயு எரிந்து தண்ணீர் சூடாகும், அந்தத் தண்ணீர் ஒவ்வொரு அறையிலும் இருக்கும் ரேடியேட்டர்களுக்குள் சுற்றி வரும். தம்பி வீட்டில் இருப்பது காம்பி பாய்லர். அறைச் சூட்டையும் குளியலறை வெந்நீரையும் ஒரே பெட்டி பார்த்துக்கொள்ளும்.

இங்கேதான் சிக்கல். ஷவரில் நிமிஷத்துக்கு 12 லிட்டர் தண்ணீரை 35 டிகிரி உயர்த்தி உடனுக்குடன் தரவேண்டும் என்றால் ஏறத்தாழ 30 கிலோவாட் திறன் வேண்டும். ஆனால் வீட்டைச் சூடாக வைத்திருக்க அவ்வளவு தேவையே இல்லை. ஓர் உதாரணம்:

வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி: வீடு இழக்கும் வெப்பம் 6 கிலோவாட்.
வெளியே 10 டிகிரி, உள்ளே 20 டிகிரி: வித்தியாசம் பாதி, எனவே இழப்பும் பாதி. 3 கிலோவாட்.
பாய்லரின் அதிகபட்சத் திறன் 30 கிலோவாட். குறைந்தபட்சம் 6 கிலோவாட்.

உறைபனி நாளில் பிரச்சினை இல்லை. தேவை 6, பாய்லர் தருவதும் 6. ஆனால் குளிர் குறைந்த நாளில் வீட்டுக்குத் தேவை 3. பாய்லருக்கோ 6-க்குக் கீழே இறங்கத் தெரியாது. என்ன செய்யும்? கொஞ்ச நேரம் எரியும், தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகும், அணையும், மறுபடி எரியும். இதைத்தான் ஷார்ட் சைக்கிளிங் என்கிறார்கள்.

இதில் காசு எப்படிப் போகிறது?

ஒன்று: ஒவ்வொரு முறை பற்றவைக்கும் முன்பும் அணைந்த பின்பும் விசிறி ஓடி, உள்ளே தங்கிய வாயுவை வெளியே தள்ளும். பாதுகாப்புக்காக. ஆனால் அந்தக் காற்றோடு உள்ளே இருக்கும் சூடும் புகைக்குழாய் வழியே வெளியே போகிறது.

இரண்டு: இன்றைய பாய்லர்கள் கண்டென்சிங் வகை. புகையில் இருக்கும் நீராவியைக் குளிரவைத்து, அதன் வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும். அதற்கு ரேடியேட்டர்களில் சுற்றிவிட்டுத் திரும்பும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். தண்ணீர் கொதிக்கக் கொதிக்கத் திரும்பி வந்தால் அந்த வெப்பம் கையில் சிக்காது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய திறமை வேலை செய்யாமலே கிடக்கும்.

மூன்று: பற்றவைக்கும் பாகம், விசிறி, வாயு வால்வு எல்லாம் ஓயாமல் வேலை செய்து தேயும். பில்லில் தெரியாது, ரிப்பேரில் தெரியும்.

கவனிங்க, அணைந்து எரிவது ஓர் அறிகுறிதான். காய்ச்சல் மாதிரி. உண்மையான வியாதி, தேவைக்கும் திறனுக்கும் இடையே இருக்கும் இடைவெளி.

மாற்றலாமா? கணக்கைப் பார்ப்போம்

தம்பியிடம் ஓர் ஆண்டு வாயு பில்லை எடுக்கச் சொன்னேன். அங்கே எரிசக்திக் கட்டணத்தைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம், சராசரி வீடு என்று 2025-ல் கணக்கில் எடுத்தது ஆண்டுக்கு 11,500 யூனிட் வாயு. இவன் வீடும் கிட்டத்தட்ட அதே அளவு. 2025 ஜனவரி முதல் மார்ச் வரை கட்டண உச்சவரம்பு ஒரு யூனிட்டுக்கு சராசரியாக 6.34 பென்ஸ்.

11,500 × 6.34 பென்ஸ் = சுமார் 729 பவுண்டு.

பாய்லரில் இருந்து கிளம்பும் தண்ணீரின் சூட்டைக் குறைத்து வைத்தாலே வாயுச் செலவில் 6 முதல் 8 சதவீதம் மிச்சமாகும் என்று அந்நாட்டு பாய்லர் தொழில் அமைப்பே சொல்கிறது. நெஸ்டா என்ற அறக்கட்டளை 2022-ல் இதற்காகவே ஒரு பெரிய பிரசாரம் நடத்தியது. 729-ல் 8 சதவீதம் என்றால் 58 பவுண்டு.

சரி, பாய்லரையே மாற்றினால்? புதியது இதே 58 பவுண்டை மிச்சப்படுத்தும் என்று வைத்துக்கொள்வோம்.

2,800 ÷ 58 = சுமார் 48 ஆண்டு.

பாய்லரின் ஆயுளோ 10 முதல் 15 ஆண்டு. போட்ட காசு திரும்ப வருவதற்குள் இன்னும் மூன்று பாய்லர் மாற்றியிருப்பான். புதியது இரண்டு மடங்கு, 116 பவுண்டு மிச்சப்படுத்தினாலும் 24 ஆண்டு ஆகும். ஈஎம்ஐ வட்டி இதில் சேரவே இல்லை.

இந்த இடத்தில் எல்லோருக்கும் ஒரு சபலம் வரும். "தப்பான சாதனத்தை வைத்துக்கொண்டிருக்கிறோமே" என்ற உறுத்தல். பழைய பாய்லருக்குப் போட்ட பணம் போன பணம். இன்றைய முடிவில் அதற்கு இடமில்லை. இனி போடப்போகும் 2,800 என்ன கொண்டுவரும் என்பது மட்டும்தான் கேள்வி. பதில்: கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எமர்ஜென்சி ஃபண்ட் அப்படியே இருக்கட்டும், ஈஎம்ஐ-யும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தற்போதைய பாய்லர் ஆயுள் முடிந்து நிற்கும்போது சரியான அளவில் வாங்கிக்கொள்ளலாம்.

காசில்லாமல் செய்தவை

1. ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 75 டிகிரியில் இருந்து 55-க்கு இறக்கினான். குழாய் வெந்நீருக்கு வேறு அமைப்பு, அதைத் தொடவில்லை. வீடு சூடாகக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். உறைபனி நாளில் போதவில்லை என்றால் ஐந்து டிகிரி ஏற்றிக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: காம்பி இல்லாமல், வெந்நீரைத் தொட்டியில் சேமிக்கும் வீடு என்றால் தொட்டியின் சூட்டை 60-க்குக் கீழே இறக்காதீங்க. லெஜியோனெல்லா கிருமி வளரும்.

2. மிச்சம் பிடிப்பதாக நினைத்து, ஒரு அறையைத் தவிர மற்ற ரேடியேட்டர்களை எல்லாம் மூடி வைத்திருந்தான். 6-க்குக் கீழே இறங்க முடியாத பாய்லருக்கு ஒரே ஒரு ரேடியேட்டர்! இரண்டு நிமிஷத்தில் தண்ணீர் கொதித்து அணையத்தானே செய்யும்? புழங்கும் அறைகளை எல்லாம் திறக்கச் சொன்னேன். சூடு போய்ச்சேர இடம் இருந்தால் பாய்லர் நின்று எரியும்.

3. வருஷாந்திர சர்வீஸுக்கு வந்த பதிவு பெற்ற பொறியாளரிடம், அறைச் சூட்டுக்கான அதிகபட்சத் திறனை வீட்டின் தேவைக்கு இறக்கி வைக்கவும், அணைந்த பிறகு மறுபடி எரிவதற்கான இடைவெளியைக் கூட்டவும் கேட்டான். பல மாடல்களில் இதற்கு வசதி உண்டு. இதை நீங்களே மூடியைத் திறந்து செய்யக்கூடாது. பிரிட்டனில் வாயு வேலையை கேஸ் சேஃப் பதிவு உள்ளவர்தான் தொட வேண்டும்.

அணைந்து எரிவது முழுசாக நின்றுவிட்டதா? இல்லை. குறைந்தபட்சமே 6 என்கிற பாய்லர், 3 போதும் என்கிற நாளில் அணைந்துதான் ஆக வேண்டும். ஆனால் ஐந்து நிமிஷம் என்பது இருபது நிமிஷம் ஆகியிருக்கிறது. செலவு பூஜ்யம்.

இப்போது என் தப்புக்கு வருவோம்

கீசரில் நடப்பது கொஞ்சம் வேறு. மின்சாரக் கம்பிச்சுருள் எத்தனை முறை அணைந்து எரிந்தாலும் வெப்பமாக மாறும் அளவு குறையாது. அங்கே காசு போவது வேறு வழியில்: தொட்டியின் சுவர் வழியே. யாரும் குழாயைத் திறக்காவிட்டாலும் தொட்டி கொஞ்சம் கொஞ்சமாக ஆறும். ஆறினால் தெர்மோஸ்டாட் மறுபடி எரியவிடும். அப்பா கேட்ட "டிக்கு" அதுதான்.

ஒரு சுலபமான சூத்திரம், குறித்துக்கொள்ளுங்க:

லிட்டர் × உயர்த்த வேண்டிய டிகிரி ÷ 860 = யூனிட்

எங்கள் ஊர்த் தண்ணீர் அந்தக் குளிரில் 18 டிகிரி என்று வைப்போம். அப்பா, அம்மா இருவருக்கும் 40 டிகிரி சூட்டில் ஆளுக்கு 20 லிட்டர். 40 × 22 ÷ 860 = சுமார் 1 யூனிட். இதுதான் உண்மையான தேவை.

ஐம்பது லிட்டர் தொட்டியை 60 டிகிரிக்கு ஏற்ற: 50 × 42 ÷ 860 = 2.44 யூனிட். 2 கிலோவாட் சுருள் என்றால் ஒண்ணேகால் மணி நேரம். இருவரும் குளித்த பிறகும் பாதிக்கு மேல் வெந்நீர் சும்மா கிடக்கும். ஸ்விட்ச் அணைக்கப்படாததால் அதை நாள் பூரா காவல் காக்கும் வேலை.

15 லிட்டர் தொட்டி போட்டிருந்தால்? 0.73 யூனிட், 22 நிமிஷம். அதில் பச்சைத் தண்ணீர் கலந்தால் 28 லிட்டர் குளியல் நீர். ஒருவருக்கு தாராளம். அடுத்தவருக்கு இன்னொரு இருபது நிமிஷம் பொறுத்தால் போதும். அம்மா அன்றைக்கே கேட்டார்கள்: "ரெண்டு பேரு குளிக்க எதுக்குடி இம்மாம் பெரிய அண்டா?" அம்மா சிஏ படிக்கவில்லை.

அன்று ராத்திரி ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கீசரை மட்டும் போட்டு வைத்தேன். பத்து மணி நேரத்தில் மீட்டர் 0.4 யூனிட் ஓடியிருந்தது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 யூனிட். குளிக்க ஒரு யூனிட், குளிக்காத வெந்நீரைக் காவல் காக்க இன்னொரு யூனிட்! நீங்கள் கீசர் வாங்கும்போது ஸ்டார் லேபிளைப் பாருங்க. இந்தக் காவல் இழப்பு 24 மணி நேரத்துக்கு எவ்வளவு என்று அதில் போட்டிருக்கும். கீசருக்கு ஸ்டார் கொடுப்பதே அந்த எண்ணை வைத்துத்தான்.

பில் ஏன் பயமுறுத்தியது?

2025-ல் தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. அப்பா, அம்மா இருவர் மட்டும் உள்ள வீடு, 90 யூனிட்டுக்குள் அடங்கும். பல வருஷமாக பில் பூஜ்யம். கீசர் வந்ததும் 90 + 120 = 210. பில் ரூ.300-க்குப் பக்கம். உங்களுக்கு அது ஒரு பிரியாணி. பூஜ்யம் கட்டிப் பழகியவருக்கு அது அதிர்ச்சி.

இதே ஒரு யூனிட் காவல் இழப்பு சென்னை வீட்டில் நடந்தால்? மின் கட்டணம் வருமான வரி மாதிரி, ஸ்லாப் கணக்கு. 2024 ஜூலை கட்டணப்படி 501 முதல் 600 வரை யூனிட்டுக்கு ரூ.8.55, 601 முதல் 800 வரை ரூ.9.65. ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே 540 யூனிட் ஓடும் வீட்டில், கீசர் வீணாக்கும் 60 யூனிட் கடைசி ஸ்லாபில்தான் போய் உட்காரும். 60 × 8.55 = ரூ.513. ஆண்டுக்கு ஆறு பில், ரூ.3,078. 480-ல் இருந்த வீடு 540-க்குப் போனால் இன்னொரு அடி: 500-ஐத் தாண்டியதும் கீழ் ஸ்லாப் மானியத்தில் ஒரு பகுதியும் போய்விடும். பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து "சராசரியா நாலு ரூபாதானே" என்று பார்க்காதீங்க. வீணாகும் யூனிட்டின் விலை எப்போதும் கடைசி ஸ்லாபின் விலை.

என்ன செய்தோம்?

கீசரை மாற்றவில்லை. தம்பிக்குச் சொன்னது எனக்கும்தானே! கீசர் சுமையைத் தாங்கும் டைமர் ஸ்விட்ச் ஒன்றை எலக்ட்ரீசியனை வைத்துப் போட்டேன். காலை ஐந்து முதல் ஆறேகால் வரை. தொட்டி 60-ஐத் தொட்டுத் தானாக அணையும், இருவரும் அடுத்தடுத்து குளிப்பார்கள், அப்புறம் மறுநாள்தான். மிச்சத் தண்ணீர் ஆறும்போது இழப்பும் குறைந்துகொண்டே வரும். என் கணக்கில் காவல் இழப்பில் பாதி மிச்சம், இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். முழுசாக ஒழியாது. ஐம்பது லிட்டர் வாங்கியதற்கான அபராதம் அது.

புதுசாக வாங்கும் முன் நான்கு கேள்வி

1. என் உண்மையான தேவை எவ்வளவு? எத்தனை பேர், எத்தனை லிட்டர், எத்தனை நிமிஷம்? காகிதத்தில் எழுதுங்க. வருஷத்துக்கு இரண்டு நாள் வரும் விருந்தாளிக்காக 363 நாள் பெரிய சாதனம் ஓட்டாதீங்க.

2. அதிகபட்சத் திறனை விற்பவரே சொல்வார். குறைந்தபட்சம் எவ்வளவு என்று நீங்கள் கேளுங்க. பாய்லருக்கும் இதுதான், ஏசிக்கும் இதுதான். பத்துக்குப் பத்து அறைக்கு இரண்டு டன் சாதாரண ஏசி போட்டால் சீக்கிரம் குளிர்ந்து அணைந்துவிடும். காற்றில் உள்ள ஈரத்தை எடுக்க நேரம் போதாது, அறை பிசுபிசுவென்றே இருக்கும். இன்வெர்ட்டர் ஏசி, அம்மா குச்சியை இழுப்பது மாதிரி, தன்னைத்தானே குறைத்துக்கொள்ளும். அதுவும் ஓரளவுக்குத்தான்.

3. ஏற்கெனவே பெரிசாக வாங்கியாச்சா? காசில்லாத திருத்தம் எல்லாம் முடிந்ததா? அது முடியாமல் கடைக்குப் போகாதீங்க.

4. மாற்றினால் போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும்? சாதனத்தின் ஆயுளைவிட அதிகம் என்றால் ஈஎம்ஐ பேச்சே வேண்டாம்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பில்லைப் பார்த்ததும் அப்பா வெட்டியது வீண் யூனிட்டை இல்லை, குளியல் யூனிட்டை. உடம்புக்குத் தேவையானதை நிறுத்திவிட்டு, தப்பான அளவை அப்படியே விட்டுவிட்டார். நம்மில் பலரும் இதைத்தான் செய்கிறோம். சம்பளம் பத்தவில்லை என்றால் மெடிக்கல் இன்சூரன்ஸை நிறுத்துவோம். அளவுக்கு மீறி வாங்கிய கார் ஈஎம்ஐ மட்டும் மாதாமாதம் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருக்கும். பட்ஜெட் போடும்போது தேவை ஒரு பத்தி, வீண் ஒரு பத்தி என்று தனித்தனியாக எழுதுங்க. கத்திரி இரண்டாவது பத்தியில்தான் விழணும்.

இப்போது மின் கட்டணத்தை என் போனில் இருந்தே கட்டிவிடுகிறேன். "ரெண்டு மாசத்துக்கு உங்க குளியலுக்கு அறுபது யூனிட்டுப்பா, அது செலவே இல்லை" என்று சொன்னேன். போன வாரம் போன் பண்ணினேன். அப்பா சுடுதண்ணியில் குளித்துவிட்டு மிளகு காயவைக்கப் போயிருக்கிறார் என்றார்கள் அம்மா.

உங்கள் வீட்டு கீசர் எத்தனை லிட்டர், குளிப்பவர்கள் எத்தனை பேர்? மேலே உள்ள சூத்திரத்தில் போட்டுப் பார்த்து கமெண்ட்டில் எழுதுங்க. அடுத்த வீடியோவில் உங்கள் கணக்குகளில் சிலவற்றை எடுத்துச் சரிபார்ப்போம்.